ஏழாம் மாடிக் குழாய்

“தீ விழிப்புணர்வு முகாம்” என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டியிருந்த துணிப் பதாகைக்குத் தீ வைத்தது வேறு யாருமில்லை, தீயணைப்பு நிலைய அலுவலரேதான்.

வேண்டுமென்று வைக்கவில்லை. எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று பத்துத் தடவை சொல்வதைவிட, ஒரு தடவை ஊற்றிக் காட்டினால் மண்டையில் ஏறும் என்பது அவர் கட்சி. நீளக் கழியின் நுனியில் ஒரு குவளையைக் கட்டி, எட்ட நின்று, எரிகிற வாணலியில் தண்ணீரைக் கவிழ்ப்பார். தீ குபீரென்று ஆளுயரத்துக்கு எழும்பும். கூட்டம் ‘ஆ’வென்று பின்வாங்கும். அவர் மைக்கைப் பிடித்து, “பாத்தீங்களா?” என்பார். மாதா மாதம் நடப்பதுதான். இந்த மாதம் காற்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திசை மாறிவிட்டது. தீ பதாகையின் ஓரத்தை நக்கிப் பார்த்தது. ருசி பிடித்துப் போயிற்று. ‘முகாம்’ முதலில் போனது. ‘விழிப்புணர்வு’ அடுத்துப் போனது. ‘தீ’ மட்டும் கடைசிவரை நின்றது.

கூட்டம் கைதட்டியது. நிகழ்ச்சியில் இதுவும் ஒரு அம்சம் என்று நினைத்துவிட்டார்கள்.

தீயணைப்பு வண்டி வாசலுக்கு வெளியே நின்றது. உள்ளே வர முடியாதபடி குறுக்கும் நெடுக்குமாகக் கார்கள். அலுவலர் தரைத்தளச் சுவரில் இருந்த சிவப்புப் பெட்டியை நோக்கி ஓடினார். கட்டடத்தின் சொந்த ஏற்பாடு அது. தீப்பிடித்தால் வண்டி வரும்வரை குடியிருப்பவர்களே அணைத்துக்கொள்வதற்காக ஒவ்வொரு மாடியிலும் ஒரு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஹோஸ். அதை உருவி, இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு, வால்வைத் திருகினார். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு கொஞ்சம் துரு. பிறகு ஒரு கரப்பான்பூச்சி எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே நிலைமை சரியில்லை என்று திரும்ப உள்ளே போய்விட்டது. தண்ணீர் வரவில்லை.

இதற்குள் வண்டி ஓட்டுநர் ஒரு ஈரச் சாக்கை எடுத்துவந்து, பதாகையைக் கீழே இழுத்துப் போட்டு, துணி துவைப்பதுபோல் நாலு சாத்துச் சாத்தி அணைத்தார். அவசரப்படாமல்தான். தீயணைப்பு வண்டியை ஓட்டுகிறவருக்கு நிலையத்தில் ‘நிதானம்’ என்று பெயர் இருந்தால் எப்படி ஓட்டுவார் என்று சொல்லத் தேவையில்லை.

“சார், அணைஞ்சிருச்சு.”

“எது?”

“பதாகைதான் சார்.”

“எனக்கு இப்பத்தான்யா பத்திக்கிச்சு,” என்றார் அலுவலர்.

அது நிஜம். தீயணைப்பு நிலையத்தில் பட்டாசு வைக்கக் கூடாது என்பது விதி. அந்த நிலையத்தில் ஒரு பட்டாசை அலுவலராகவே வைத்திருந்தார்கள். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் எல்லோரும் அவரைப் பட்டாசு என்றுதான் சொன்னார்கள். அவர் மனைவி மட்டும் காதுக்கு எட்டும் தூரத்திலேயே சொன்னாள். மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, இவருக்கு மீசைக்கு மேலேயே வந்துவிடும். வந்த வேகத்தில் போய்விடும் என்பதால் யாரும் பயந்ததில்லை. ஆனால் இன்றைக்கு வந்தது போகிற ஜாதியாகத் தெரியவில்லை.

காரணம் இருந்தது. மாதம் ஒரு கட்டடம் என்று ஊரைச் சுற்றி வருவது நிலையத்தின் வழக்கம். பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி, குடியிருப்பு என்று ஒரு சுற்று முடிய ஒரு வருஷம் ஆகும். இந்த எட்டு மாடிக் குடியிருப்புக்கு மட்டும் அவர் ஒவ்வொரு சுற்றிலும் சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு வருவார். ஏனென்றால் ஏழாவது மாடியில் அவருடைய அக்கா இருந்தாள். அம்மா போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையிலிருந்து பால்கனி வரைக்கும் நடப்பாள். தீப்பிடித்தால் லிஃப்ட் ஓடாது. படியில் அவளால் இறங்க முடியாது. அவளுக்கும் தீக்கும் நடுவில் இருப்பது அந்தக் குழாயில் வர வேண்டிய தண்ணீர் ஒன்றுதான். அது வரவில்லை. கரப்பான்பூச்சி வந்தது.

“மேலாளர் எங்கய்யா?”

கட்டட மேலாளர் இடுப்பில் ஒரு கொத்துச் சாவியும் முகத்தில் ஒரு சிரிப்பும் மாட்டிக்கொண்டு வந்தார்.

“தண்ணி ஏன் வரல?”

“வரும் சார்.”

“எப்ப?”

“வர வேண்டிய நேரத்துல வந்துரும் சார்.”

“தண்ணி என்ன மந்திரியாய்யா, நேரம் பாத்து வர்றதுக்கு? போன வருஷம் வந்துச்சே. நானே இந்த ஹோஸப் பிடிச்சுக்கிட்டு நாலாவது மாடி வரைக்கும் பீச்சிக் காட்டினேனே!”

மேலாளர் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். “ஆமா சார். நல்லாவே பீச்சினீங்க.”

அந்தப் பதிலில் ஏதோ ஒரு முள் இருந்தது. பட்டாசுக்கு அதைப் பிடுங்கிப் பார்க்க நேரமில்லை. “பம்ப் அறையத் திற.”

“சாவி செயலாளர்கிட்ட சார்.”

செயலாளர் என்பது வேறு யாருமில்லை, அக்காவின் புருஷன்தான். நல்ல மனுஷர். ஆனால் ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்வார்; மூன்றில் ஒன்றும் அந்தக் கேள்விக்கு உரியதாக இருக்காது. மேடைக்குப் பக்கத்தில் நாற்காலிகளை எண்ணுவதுபோல் நின்றிருந்தவர், மைத்துனர் வருவதைப் பார்த்ததும் இன்னும் மும்முரமாக எண்ண ஆரம்பித்தார்.

“அத்தான், பம்ப் அறைச் சாவி.”

“மாப்ள, பதாகை போனாப் போகட்டும், வேற அடிச்சுக்கலாம். உங்களுக்குக் கையில ஒண்ணும் படலயே?”

“சாவி, அத்தான்.”

“வெயில் வேற. மேல வாங்க, டீ குடிச்சிட்டு உக்காந்து பேசலாம். உங்க அக்கா காலைலேருந்து உங்களத்தான் பாத்துட்டிருக்கா.”

“சாவி!”

“சாவி மேலாளர்கிட்ட இருக்கும்.”

மேலாளர் அத்தானைப் பார்த்தார். அத்தான் மேலாளரைப் பார்த்தார். இரண்டு பேரும் நிதானத்தைப் பார்த்தார்கள். நிதானம் அணைந்துபோன பதாகையை மறுபடி ஒரு சாத்துச் சாத்தினார்.

பட்டாசுக்குப் புரிந்துபோயிற்று, என்ன என்று புரியவில்லை, ஏதோ இருக்கிறது என்று புரிந்தது. அது அதைவிட மோசம். மேலாளரின் இடுப்பிலிருந்த கொத்தையே பிடுங்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினார். மூவரும் பின்னாலேயே வந்தார்கள்.

எந்தச் சாவி என்று தேடும் சிரமம் கூட இல்லை. கொத்தில் ஒன்றில்தான் ‘பம்ப்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. பம்ப் இருந்தது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. சுவரில், தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று போன வருஷம் அவரே கொடுத்த படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மேலே போகிற பெரிய குழாயின் வால்வுச் சக்கரம் இறுக மூடியிருந்தது. அதைச் சுற்றி ஒரு சங்கிலி. சங்கிலியில் ஒரு பூட்டு. ஆடு மாடு ஓடிவிடாமல் கட்டுவதுபோல் தண்ணீரைக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

பட்டாசு சங்கிலியைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். கத்தாமல் அவர் எதையும் செய்து பார்த்ததே இல்லை என்பதால் நிதானம் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார்.

“யார் பூட்டினது?”

“சங்கத்து முடிவு மாப்ள.”

“சங்கத்துல யாரு?”

“எல்லாரும் சேர்ந்துதான்.”

“எல்லாரும் சேர்ந்து ஒரு பூட்டைப் பூட்ட முடியாது அத்தான். யாரோ ஒரு கைதான் பூட்டும். எந்தக் கை?”

“அது வந்து... குழாய் கொஞ்சம் பழசு. மாத்தணும்னு போன கூட்டத்துல பேசினோம். அதுக்கு முந்தின கூட்டத்துலயும் பேசினோம். அடுத்த கூட்டத்துல கண்டிப்பா...”

“அடுத்த கூட்டத்துக்கு வர்றதுக்கு ஆள் இருக்கணுமே! நூறு குடும்பம் இருக்கு மேல. அத்தனை பேரும் சுவத்துல சிவப்புப் பெட்டியப் பாத்து நிம்மதியாத் தூங்குறாங்க. அது பெட்டி இல்ல அத்தான், பொய். மாடிக்கு ஒண்ணுன்னு எட்டுப் பொய். அந்தப் பொய்க்கு வருஷா வருஷம் சிவப்புப் பெயின்ட் வேற! ஏழாவது மாடியில யாரு இருக்கா? உங்க பொண்டாட்டி! அவளால ஒரு படி இறங்க முடியுமா? செயலாளராம் செயலாளர். ஒரு நாற்காலிக்குச் செயலாளரா இருக்கக் கூட உங்களுக்குத் தகுதி இல்ல!”

வார்த்தை வெளியே வந்தபிறகுதான் அதன் எடை தெரிந்தது. அத்தானின் முகம் சுருங்கியது. ஆனால் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. திட்டு வாங்குகிறவர் திருப்பித் திட்டாவிட்டால் திட்டுகிறவருக்குக் கோபம் இரட்டிப்பாகும். பட்டாசுக்கு நான்கு மடங்காயிற்று.

“நிதானம், வண்டியிலேருந்து கட்டர் எடுத்துட்டு வா.”

நிதானம் நகரவில்லை. “சார், வேணாம் சார்.”

“என்னது?”

“மேல அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“உனக்கும் தெரியுமா? என் வண்டி ஓட்டுறவனுக்கும் தெரியுமா? என்னய்யா தெரியும் உங்களுக்கெல்லாம்? எனக்கு மட்டும் என்னய்யா தெரியல?”

“தெரியாது சார்,” என்றார் நிதானம். எதற்குச் சொன்னார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

பட்டாசு தானே ஓடிப்போய்க் கட்டரை எடுத்துவந்தார். சங்கிலி இரண்டாவது கடியில் அறுந்து விழுந்தது. பம்ப் சுவிட்சைப் போட்டார். பம்ப் உறுமியது. சக்கரத்தின்மேல் இரண்டு கையையும் வைத்தார். அப்போது அத்தான் பாய்ந்து வந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். உரக்கப் பேசவே யோசிக்கிற மனுஷர், பிடி உடும்புப் பிடியாக இருந்தது.

“திறக்காதீங்க மாப்ள. மேல உங்க அக்கா இருக்கா.”

“அதனாலதான் திறக்கறேன்.”

“அதனாலதான் மூடியிருக்கு.”

பம்ப் உறுமிக்கொண்டேயிருந்தது. அத்தானின் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தக் கட்டடத்தில் பட்டாசு காலையிலிருந்து தேடிய தண்ணீர் அங்கேதான் முதலில் தென்பட்டது. நிதானம் கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தார்.

“என்ன சொல்றீங்க?”

“நான் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கியிருக்கா. நீங்க எவ்வளவு வேணா திட்டுங்க.”

பட்டாசு லிஃப்டுக்காக நிற்கவில்லை. கோபம் தூக்கிக்கொண்டு போகும் என்ற நம்பிக்கையில் படியேறினார். மூன்றாவது மாடிவரை தூக்கியது. அதற்கு மேல் ஐம்பதைத் தாண்டிய தொந்தியைத் தூக்க மாட்டேன் என்று இறக்கிவிட்டது. படியெல்லாம் செருப்பு அலமாரி. ஒரு சைக்கிள். ஒரு துணி துவைக்கும் இயந்திரம் வந்த அட்டைப்பெட்டி. “படிய என்ன கிடங்குன்னா நினைச்சீங்க? எடுங்கய்யா இதையெல்லாம்!” என்று ஐந்தாவது மாடியில் கத்த நினைத்தார்; வாயிலிருந்து காற்றுதான் வந்தது. கீழே அந்த ஹோஸ் விட்ட அதே காற்று.

ஏழாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை பட்ட இடம் சொரசொரப்பாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். கீழேயிருந்து ஏறி வரும் அந்தக் குழாயின் மூட்டில் துணியைச் சுற்றி, துணிமேல் ரப்பரைச் சுற்றி, ரப்பர்மேல் கம்பியைச் சுற்றிக் கட்டியிருந்தது. அதற்குக் கீழே சுவரில் ஒரு அகலமான பழுப்புக் கறை இறங்கி, தரையில் பரவி, நேராக அக்கா வீட்டு வாசற்படிவரை போயிருந்தது. ஒரு வருஷமாக எத்தனையோ தடவை இந்த வாசலுக்கு வந்திருக்கிறார். லிஃப்டிலிருந்து இறங்கினால் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவர் அது. திரும்பிப் பார்த்ததேயில்லை.

கதவு திறந்தே இருந்தது. அக்கா வாக்கரைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“மேலேருந்து பாத்தேன். பதாகை நல்லா எரிஞ்சுது,” என்றாள். “உக்காரு. மூச்ச வாங்கு. நீ மயங்கி விழுந்தா உன்னைத் தூக்க என்னால ஆகாது.”

அவர் உட்காரவில்லை. “யாருக்கா வால்வ மூடினது?”

“நான்.”

“நீயா? நீ எப்படிக் கீழ...”

“கை அவருது. சொன்னது நான். மூடலன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்னு சொன்னேன். மூடினாரு. எவனாவது திறந்துருவான்னு பயந்து சங்கிலியும் போடச் சொன்னேன்.”

“உனக்கென்ன பைத்தியமா? தீப்பிடிச்சா...”

“கத்தாதே. நீ கத்தினா எனக்குக் கேக்கும், நான் சொல்றது உனக்குக் கேக்காது. முன்னாடி ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு.” அவள் வாக்கரை ஒரு அடி முன்னால் நகர்த்தி, ஒரு அடி தானும் நகர்ந்தாள். “போன வருஷம் கீழ நீ தண்ணி பீச்சிக் காட்டினியே, ஞாபகம் இருக்கா? புள்ளைங்கெல்லாம் ‘இன்னும் மேல, இன்னும் மேல’ன்னு கூவுச்சுங்க. நீயும் ‘பம்ப்பக் கூட்டு, பம்ப்பக் கூட்டு’ன்னு மைக்குல சொன்னே. நான் பால்கனியில நின்னு பாத்துட்டிருந்தேன். போன்ல என் மககிட்ட, ‘உன் மாமன் என்னமா பீச்சுறான் பாரு’ன்னு பெருமை வேற. பின்னாடி டமால்னு ஒரு சத்தம். வந்து பாத்தா கதவுக்கு அடியில தண்ணி வருது. கதவத் திறந்தேன். இந்த மூட்டு வாயப் பொளந்துட்டு நிக்குது. தண்ணி வந்து நெஞ்சுல அடிச்சுது. விழுந்துட்டேன்.”

பட்டாசு வாயைத் திறந்தார்.

“இரு. இன்னும் முடிக்கல. எந்திரிக்க முடியல. தண்ணி மேல வந்து கொட்டிட்டே இருக்கு. உன்னைத்தான் கூப்பிட்டேன். அவரக் கூடக் கூப்பிடல, உன்னைக் கூப்பிட்டேன். உன் குரல் மைக்குல வருது, என் குரல் எனக்கே கேக்கல. நீ பம்ப்ப நிறுத்துற வரைக்கும் கொட்டுச்சு. அப்புறம் கைதட்டு சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அவரு நன்றி சொன்னாரு. மைக்குல. எல்லாருக்கும் ஒவ்வொருத்தராச் சொன்னாரு. எல்லாம் படுத்துக்கிட்டே கேட்டேன். அவரு மேல வந்து பாக்கறப்ப நீ ஜீப்புல அடுத்த எடத்துக்குப் போயிட்டே. உன் டிரைவர்தான், பாவம், ஹோஸ சுருட்டிட்டிருந்த ஆளு, மேல வந்து என்னைத் தூக்கினாரு.”

“பாத்ரூம்ல வழுக்கினேன்னு...”

“நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். நீ உடனே நாலு ரப்பர் விரிப்பு வாங்கிட்டு வந்து, பாத்ரூம்ல எப்படி நடக்கணும்னு கட்டில் பக்கத்துல நின்னு எனக்குப் பாடம் எடுத்தே. இடுப்பு வலியில அதையும் கேட்டுட்டு இருந்தேன்.”

கீழேயிருந்து பிள்ளைகள் சத்தம் வந்தது. வாசலில் நின்ற வண்டியின் மணியை யாரோ அடித்துப் பார்த்தார்கள். அவருக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த மூட்டின் மேல் வைத்தார், சுட்டதுபோல எடுத்துக்கொண்டார். ஒரு வருஷமாகத் தன்னைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மேலாளருக்கு. நிதானத்துக்கு. நாற்காலிக்குக் கூடத் தகுதியில்லை என்று அவர் சொன்ன அத்தானுக்கு. அத்தானும் வாங்கிக்கொண்டு நின்றார்.

“ஏன்க்கா என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ என்ன பண்ணுவே? உக்காந்து அழுவே. நீ அழுதா நான்தான் தேத்தணும். சின்ன வயசுலேருந்து அதானே வழக்கம்? இடுப்பு உடைஞ்சவ நான், தேத்துற வேலையும் எனக்கேவா? அதான் சொல்லல.”

“அதுக்குன்னு தண்ணிய மூடிட்டா? உனக்கு ஒண்ணுன்னா நான் எப்படி...”

“தெரியும். தீப்பிடிச்சா நான் இறங்க மாட்டேன்னு தெரியும். நூறு குடும்பம் இருக்குன்னும் தெரியும். நான் பண்ணினது தப்புதான், யாரு கேட்டாலும் சொல்றேன். ஆனா அந்தக் குழாய்க்குள்ள தண்ணி ஏறுற சத்தம் கேட்டா எனக்கு உடம்பு பூரா உதறுது. இப்பக்கூடக் கீழ பம்ப் ஓடுச்சே, யாரு போட்டது, நீயா? கதவப் பிடிச்சுட்டு நின்னேன், தெரியுமா?”

பட்டாசு படிக்கட்டு வளைவில் எட்டி, கீழே பார்த்துக் கத்தினார். “நிதானம்! சக்கரத்து மேல யாரும் கைய வைக்கக் கூடாது! மேலாளர்கிட்ட சொல்லு, குழாய் ஆளுங்க இப்பவே வரணும். ஏழாவது மாடி மூட்ட அறுத்து எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். கூட்டமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது! அது முடியுற வரைக்கும் நம்ம வண்டி வாசல்லயே நிக்கட்டும். குறுக்க நிக்கிற காரையெல்லாம் எடுக்கச் சொல்லு. எடுக்காட்டி நான் வந்து எடுக்கறேன்!”

“சரி சார்,” என்று கீழேயிருந்து நிதானமாகப் பதில் வந்தது.

“அத்தான் அங்க இருக்காரா?”

“இருக்காரு சார்.”

ஏழு மாடித் தூரத்துக்கு மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. ஒரு முழத் தூரத்துக்கே பழக்கமில்லை. “உக்காந்து டீ குடிக்கலாம்னு சொன்னேன்னு சொல்லு. மேல வரச் சொல்லு,” என்றார்.

திரும்பினார். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அழுதால் அவள் தேற்ற வேண்டியிருக்கும்.

“அக்கா.”

“என்ன?”

“என்மேல கோபமா?”

‘அதெல்லாம் ஒண்ணுமில்லடா’ என்பாள் என்று காத்திருந்தார். சின்ன வயசில் அவர் எத்தனை கண்ணாடி உடைத்தபோதும் அவள் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். அக்கா வாக்கரை விட்டு ஒரு கையை எடுத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஆமாடா,” என்றாள். “ரொம்பக் கோபம்.”